கயிற்று இன்ஜினுக்கு செல்ஃப் ஸ்டார்ட்: மோட்டாரை வாங்கும் முன் படிக்க வேண்டிய வழிகாட்டி

கயிற்றை இழுத்துக் கிளப்பும் சிறு பெட்ரோல் இன்ஜின் ஒன்றை செல்ஃப் ஸ்டார்ட்டுக்கு மாற்ற முடிவு செய்தபோது, நான் முதலில் வாங்கியது ஸ்டார்ட்டர் மோட்டாரைத்தான். அதுவே என் முதல் தவறு. மோட்டார் வந்து சேர்ந்த பிறகுதான் அது கடித்துச் சுழற்றுவதற்குரிய பல்வளையம் என் ஃப்ளைவீலில் (கிராங்க்ஷாஃப்ட் முனையில் சுழலும் கனத்த சக்கரத்தில்) இல்லை என்பதும், மோட்டாரைத் திருகிப் பொருத்துவதற்கு இன்ஜினின் உடலில் துளைகள் இல்லை என்பதும் தெரிந்தன. ஒரே நாளில் முடிந்திருக்க வேண்டிய வேலை பல ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கியது. இடையில், பிளக்குக்குத் தீப்பொறி தரும் இக்னிஷன் காயில் ஒன்றும் எரிந்துபோனது. அந்தச் செலவும் அலைச்சலும் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக, நான் இன்று மறுபடி தொடங்கினால் எந்த வரிசையில் செய்வேனோ அந்த வரிசையில் எழுதுகிறேன். இங்கே சொல்வது ஒற்றை சிலிண்டர் கொண்ட, காற்றால் குளிரும், நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் இன்ஜின்களுக்குப் பொருந்தும். அளவுகளுக்கு எடுத்துக்காட்டாக, பரவலாகப் பயன்படும் ஹோண்டா ஜிஎக்ஸ்160 இன்ஜினைச் சொல்கிறேன். உங்களுடையது வேறு மாடல் என்றால் அதற்குரிய பழுதுபார்ப்பு நூலில் உள்ள அளவையே பின்பற்றுங்கள்.

1. இன்ஜின் நலமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

குளிர்ந்த நிலையில் இரண்டு மூன்று இழுப்பில் கிளம்பும் இன்ஜினுக்கு மட்டுமே இந்த வேலையைச் செய்யுங்கள். பத்து இழுப்பு கேட்கும் இன்ஜினுக்கு செல்ஃப் பொருத்தினால், உங்கள் தோளுக்குப் பதிலாக பேட்டரி களைத்துப் போகும். வேறு மாற்றம் எதுவும் இராது. ஸ்பார்க் பிளக்கை மாற்றுவது, கார்புரேட்டரைச் சுத்தம் செய்வது, வால்வு இடைவெளியைச் சரிபார்ப்பது ஆகிய மூன்றையும் முடித்துவிட்டு வாருங்கள். ஜிஎக்ஸ்160 இன்ஜினில் குளிர்ந்த நிலையில் உள்ளிழுக்கும் வால்வுக்கு 0.15 மில்லிமீட்டரும் புகை வால்வுக்கு 0.20 மில்லிமீட்டரும் இடைவெளி இருக்க வேண்டும். இவற்றைச் செய்த பிறகு ஓர் இழுப்பிலேயே இன்ஜின் கிளம்பி, செல்ஃப் வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்தாலும் நட்டமில்லை.

2. காகித வேலை: எண்களும் பாகப் பட்டியலும்

சலிப்பூட்டும் பகுதி இது. ஆனால் பணத்தை மிச்சப்படுத்தும் பகுதியும் இதுதான். இன்ஜினின் மாடல் பெயர் மட்டும் போதாது. ஒரே மாடலைத் தயாரிப்பாளர்கள் கயிறு மட்டும் உள்ளது, செல்ஃப் உள்ளது, பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் சார்ஜிங் காயில் உள்ளது எனப் பல வகைகளாக விற்பதால், மாடல் பெயரை அடுத்து வரும் வகைக் குறியீட்டையும், இன்ஜின் உடலில் பொறித்திருக்கும் வரிசை எண்ணையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

பிறகு அந்த மாடலுக்கான பாகப் பட்டியலை, ஒவ்வொரு பாகத்தையும் பிரித்து வரைந்து எண் கொடுத்திருக்கும் படங்களோடு தேடி எடுங்கள். அதில் கயிற்று வகையையும் செல்ஃப் வகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஐந்து பாகங்களின் எண்கள் இரண்டிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள்: கிராங்க்கேஸ் (இன்ஜினின் வார்ப்பு உடல்), ஃப்ளைவீல், விசிறி உறை, இக்னிஷன் காயில், கயிற்று ஸ்டார்ட்டர் பிடித்துச் சுழற்றும் கிண்ணம். எண் மாறுகிற பாகம் எதுவோ அதை நீங்கள் வாங்கியாக வேண்டும். எண் மாறாததைத் தொடத் தேவையில்லை.

ஐந்திலும் தலைவிதியைத் தீர்மானிப்பது கிராங்க்கேஸ்தான். எண் ஒன்றாக இருந்தால் மோட்டாரைத் தாங்கும் துளைகள் உங்கள் இன்ஜினிலும் இருக்கும் என்று பெரும்பாலும் நம்பலாம். வேறாக இருந்தால், ஃப்ளைவீலை ஒட்டிய பக்கத்தில் வார்ப்பிலேயே தடித்த இரண்டு மேடுகள் தெரிந்தும், அவற்றில் துளையும் திருகுமறையும் போடாமல் விட்டிருக்கக்கூடும். என் இன்ஜின் அப்படிப்பட்டதுதான். அதை லேத் பட்டறையில் கொடுத்துத் துளையிட்டு மறை வெட்டலாம். ஆனால் துளை சற்று ஆழமாகப் போய் உட்புறம் திறந்துகொண்டால் எண்ணெய் கசியும், அலுமினியத் துகள் உள்ளே விழுந்தால் பேரிங் கெடும். கையில் பிடிக்கும் டிரில்லிங் மெஷினால் இதைச் செய்ய முயலாதீர்கள். மேடுகளே இல்லாத வார்ப்பு என்றால் இந்த வழிகாட்டி உங்களுக்கு இத்துடன் முடிகிறது. செல்ஃப் உள்ள இன்ஜினை வாங்குவதே சரியான வழி.

உத்தரவாதம் இன்னும் முடியவில்லையென்றால் அந்த அட்டையையும் படித்துவிடுங்கள். வேறு தயாரிப்பாளரின் பாகத்தைப் பொருத்தினால் உத்தரவாதம் செல்லாது என்ற வரி அதில் இருக்கலாம். அப்படியிருந்தால் அது முடியும்வரை காத்திருப்பதில் தவறில்லை.

3. என்ன வாங்க வேண்டும், பணம் எங்கே போகிறது

முழுப் பட்டியல் இது: ஸ்டார்ட்டர் மோட்டார், பல்வளையம் கொண்ட ஃப்ளைவீல், அதற்கு இடம் கொடுக்கும் விசிறி உறை, சாவியின் சிறு மின்சாரத்தால் மோட்டாரின் பெரிய மின்சாரத்தை இணைக்கும் சொலினாய்டு ரிலே, சாவி சுவிட்ச், 12 வோல்ட் பேட்டரி, தடித்த கேபிள்கள், பியூஸ், விரும்பினால் சார்ஜிங் காயிலும் அதன் மின்சாரத்தை நேர்திசையாக்கும் ரெக்டிஃபையரும். மோட்டாரின் விலையை மட்டும் பார்த்து, மலிவாக முடித்துவிடலாம் என்று எண்ணிவிடாதீர்கள். என் கணக்கில் மோட்டாருக்குக் கொடுத்தது மொத்தச் செலவில் பாதிகூட இல்லை; ஃப்ளைவீலும் பேட்டரியும்தான் அதிகம் கேட்டன. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, அது செல்ஃப் உள்ள அதே அளவு புது இன்ஜினின் விலையில் பாதியைத் தாண்டினால், பழைய இன்ஜினை விற்றுவிட்டுப் புதியதை வாங்குங்கள் என்பதே என் கருத்து.

ஃப்ளைவீலை வாங்கும்போது இரண்டு இடங்களில் ஏமாறலாம். முதலாவது, அதன் வெளி விளிம்பில் உள்ள காந்தம். இக்னிஷன் காயிலைத் தூண்டுவது அதுதான். ஃப்ளைவீல் தண்டில் அமர வேண்டிய இடத்தைக் காட்டும் அரைவட்ட உலோகத் துண்டான கீ அமரும் பள்ளத்திலிருந்து அந்தக் காந்தம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே தீப்பொறி வரும் நேரத்தைத் தீர்மானிக்கிறது. பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருக்கும் வேறு மாடலின் ஃப்ளைவீலைப் பொருத்தினால், செல்ஃப் நன்றாகச் சுழலும், இன்ஜின் கிளம்பாது. இரண்டாவது, உட்புறக் காந்தங்கள். சார்ஜிங் காயில் வேலை செய்ய ஃப்ளைவீலின் உள்வட்டத்திலும் காந்தங்கள் வேண்டும். பல்வளையம் இருந்தும் உட்காந்தம் இல்லாத ஃப்ளைவீல்கள் விற்பனையில் உண்டு. வளையத்தை மட்டும் தனியே வாங்கி, பழைய ஃப்ளைவீலில் சூடேற்றி இறக்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சூடு காந்தங்களைக் கெடுக்கும். தவிர, வளையத்திற்கென்று கடைந்த இருக்கை பழைய ஃப்ளைவீலில் இருக்காது.

சார்ஜிங் காயில் அவசியமா என்பதைச் சிறு கணக்குப் போட்டு முடிவு செய்யலாம். மோட்டார் 100 ஆம்பியர் இழுத்து 5 நொடி சுழன்றால் செலவாவது சுமார் 0.14 ஆம்பியர் மணி. ஜிஎக்ஸ்160 இன்ஜினுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்ச அளவான 18 ஆம்பியர் மணி பேட்டரியில் பாதியை மட்டும் செலவிடுவது என்று வைத்துக்கொண்டாலும் அறுபது முறைக்கு மேல் கிளப்பலாம். ஆகவே வாரத்திற்கு ஓரிரு முறை ஓடும் இன்ஜினுக்கு, மாதம் ஒருமுறை வெளிச் சார்ஜரில் போடுவதே போதும். நாள்தோறும் பலமுறை நிறுத்திக் கிளப்புபவர்களுக்குத்தான் காயில் தேவை. 1 ஆம்பியர் தரும் சிறு காயிலே ஒருமுறை கிளப்பிய செலவைப் பத்து நிமிட ஓட்டத்தில் கிட்டத்தட்ட ஈடுகட்டிவிடும். பின்னால் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தால் மறுபடி ஃப்ளைவீலைக் கழற்ற வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பணத்தைக் கொடுக்கும் முன் அட்டையை மோட்டாரின் அளவில் வெட்டி, அது அமரப்போகும் இடத்தில் வைத்துப் பாருங்கள். ஜெனரேட்டர், பம்பு போன்றவற்றில் சட்டக் குழாய் குறுக்கே வந்துவிடுவது உண்டு.

4. கழற்றுதல்

எல்லாப் பாகங்களும் கைக்கு வந்து சேரும்வரை ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாதீர்கள். பாதி பிரித்த இன்ஜின் மூலையில் கிடந்தால் திருகுகள் தொலையும், எந்த வயர் எங்கிருந்து வந்தது என்பது மறக்கும். எல்லாம் தயாராக இருந்தால் முதன்முறை செய்பவருக்கும் ஒரு முழு நாள் போதும்.

பிளக்கின் தொப்பியைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள், பெட்ரோல் குழாயை மூடுங்கள், இன்ஜின் முழுவதும் ஆறும்வரை காத்திருங்கள். கயிற்று ஸ்டார்ட்டரைக் கழற்றி அப்படியே எடுத்து வையுங்கள். அதை மீண்டும் பொருத்தப் போகிறோம். பிறகு விசிறி உறையைக் கழற்றுங்கள். இக்னிஷன் காயிலிலிருந்து போகும் மெல்லிய நிறுத்து வயர் எந்த வழியில் போகிறது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

5. ஃப்ளைவீலை மாற்றுதல்

ஃப்ளைவீல் நட் மிக இறுக்கமாக இருக்கும். அதைத் தளர்த்தும்போது ஃப்ளைவீல் சுழலாமல் பிடிக்க, பட்டை ரெஞ்ச்சைப் பயன்படுத்துங்கள். விசிறி இதழ்களுக்கு இடையே ஸ்க்ரூ டிரைவரைச் செருகினால் இதழ் உடையும். உடைந்த ஃப்ளைவீல் சமநிலை இழந்து நடுங்கும். நட்டைத் தளர்த்திய பின் முழுவதும் எடுத்துவிடாமல், தண்டின் (கிராங்க்ஷாஃப்டின்) முனையோடு மட்டமாக நிற்கும்படி விட்டு, சக்கரத்தை இழுத்துக் கழற்றும் கருவியான புல்லரைப் பொருத்தி மெல்ல இறுக்குங்கள். புல்லரின் கால்கள் ஃப்ளைவீலின் உறுதியான பகுதியைப் பற்ற வேண்டும். காந்தத்தையோ இதழையோ பற்றக் கூடாது. ஒரு கட்டத்தில் சடாரென்ற ஓசையோடு ஃப்ளைவீல் விடுபடும். நட் இருப்பதால் அது காலில் விழாது. கிராங்க்ஷாஃப்டின் முனையைச் சுத்தியால் அடிக்கும் வழக்கம் பல பட்டறைகளில் உண்டு. அப்படி அடித்தால் முனையின் மறை நசுங்கலாம், தண்டும் வளையலாம். புல்லரை வாடகைக்காவது எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ளைவீல் வந்ததும் கீயை எடுத்துப் பாருங்கள். ஓரத்தில் சிறு வெட்டோ நசுங்கலோ தெரிந்தால் புதுக் கீ போடுங்கள். அரை மில்லிமீட்டர் விலகினாலே தீப்பொறியின் நேரம் தவறும். சார்ஜிங் காயில் போடுவதாக இருந்தால் அதைப் பொருத்த வேண்டிய நேரம் இது. அதன் வயரைக் கிளிப்புகளில் அடக்கி, சுழலும் ஃப்ளைவீலில் உரசாத வழியில் வெளியே கொண்டு வாருங்கள்.

தண்டின் கூம்புப் பகுதியையும் புது ஃப்ளைவீலின் உட்கூம்பையும் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து உலர வைக்க வேண்டும். இங்கே கிரீஸ் தடவுவது பலர் நல்லெண்ணத்தோடு செய்யும் பிழை. ஃப்ளைவீலைப் பிடித்து நிறுத்துவது கீ அன்று. உலர்ந்த இரண்டு கூம்புகளின் உராய்வுதான். கீயின் வேலை இடத்தைக் காட்டுவது மட்டுமே. கூம்பில் வழவழப்பு இருந்தால் முதல் உதைப்பிலேயே கீ வெட்டுப்படும். ஃப்ளைவீலின் காந்தங்களில் இரும்புத் தூள், சிறு வாஷர் ஏதேனும் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, கீயோடு பொருந்தும்படி ஏற்றி, விசிறியையும் கிண்ணத்தையும் அவற்றுக்குரிய துளைகளில் சரியாக அமர வைத்து, டார்க் ரெஞ்ச்சால் நட்டை இறுக்குங்கள். ஜிஎக்ஸ்160 இன்ஜினில் இது எம்14 நட். இறுக்க அளவு 75 நியூட்டன் மீட்டர்.

இக்னிஷன் காயிலுக்கும் ஃப்ளைவீலுக்கும் உள்ள இடைவெளியை மறுபடி வைக்க வேண்டும். ஜிஎக்ஸ்160 இன்ஜினில் அது 0.2 முதல் 0.6 மில்லிமீட்டர் வரை. காந்தத்தைக் காயிலுக்கு நேராகக் கொண்டு வந்து, நடுவே 0.4 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஃபீலர் கேஜ் தகட்டைச் செருகி, காந்தம் இழுத்துப் பிடித்திருக்கும் நிலையிலேயே காயிலின் இரண்டு போல்ட்டுகளையும் இறுக்கிவிடுங்கள். பித்தளையில் செய்த கேஜ் இதற்கு எளிது. எஃகு கேஜ் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு, வெளியே எடுக்க வராது.

6. மோட்டாரைப் பொருத்திவிட்டு, கயிற்றாலேயே கிளப்பிப் பாருங்கள்

மோட்டாரை அதன் இரண்டு போல்ட்டுகளால் பொருத்துங்கள். மோட்டாரும் கிராங்க்கேஸும் தொடும் பரப்பில் பெயின்ட் இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். மின்சாரம் திரும்பி வரும் வழி அதுதான். ஃப்ளைவீலைக் கையால் முழுச் சுற்றுகள் சுற்றி, மோட்டாரின் பற்சக்கரமும் உறையும் எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்துகொண்டு, உறையையும் கயிற்று ஸ்டார்ட்டரையும் மாட்டுங்கள்.

வயரிங் வேலையைத் தொடும் முன் பழையபடி கயிற்றை இழுத்து இன்ஜினை ஓட்டிப் பாருங்கள். கிளம்பினால் ஃப்ளைவீல், கீ, காயில் இடைவெளி மூன்றும் சரி. இதைச் செய்யாமல் வயரிங்கையும் முடித்துவிட்டு, இன்ஜின் கிளம்பவில்லையென்றால் பழுது எந்தப் பக்கம் என்று தெரியாமல் நீங்களும் என்னைப் போல ஒரு ஞாயிற்றுக்கிழமையை இழப்பீர்கள்.

7. வயரிங்

இந்த இன்ஜின்களின் இக்னிஷன் பேட்டரியை நம்பியது அன்று. ஃப்ளைவீல் காந்தமே தீப்பொறிக்கான மின்சாரத்தைத் தருகிறது. இன்ஜினை நிறுத்த வேண்டுமானால் காயிலிலிருந்து வரும் நிறுத்து வயரை எர்த் செய்கிறோம், அவ்வளவே. மோட்டார் சைக்கிளிலும் காரிலும் பேட்டரியால் இயங்கும் இக்னிஷனின் சாவி சுவிட்ச் இதற்கு நேர்மாறாக, சாவியைத் திருப்பியதும் இக்னிஷனுக்கு 12 வோல்ட் அனுப்பும். அப்படியொரு பழைய சுவிட்ச் கைவசம் இருக்கிறதே என்று நான் மாட்டியதில்தான் காயில் எரிந்தது. நிறுத்து வயரில் எந்த நிலையிலும் பேட்டரி மின்சாரம் போகக் கூடாது.

இப்படிக் காந்தத்தாலேயே தீப்பொறி பெறும் மேக்னெட்டோ இன்ஜினுக்கென்று செய்த சுவிட்ச்சைக் கேட்டு வாங்கி, மாட்டும் முன் மல்டிமீட்டரால் சோதியுங்கள். ‘ஆஃப்’ நிலையில் நிறுத்து முனையும் எர்த் முனையும் இணைந்திருக்க வேண்டும். ‘ஆன்’ நிலையில் அவை பிரிந்திருக்க வேண்டும். ‘ஸ்டார்ட்’ நிலையில் பேட்டரி முனை ஸ்டார்ட்டர் முனையோடு இணைய வேண்டும். அப்போதும் நிறுத்து முனை எதோடும் சேரக் கூடாது.

பேட்டரியின் நேர் முனையிலிருந்து தடித்த கேபிள் சொலினாய்டின் ஒரு பெரிய முனைக்கும், மற்றொரு பெரிய முனையிலிருந்து அதே தடிமனில் மோட்டாருக்கும் போக வேண்டும். சில மோட்டார்களின் தலையிலேயே சொலினாய்டு இருக்கும். அவற்றுக்குத் தனியாக வேண்டாம். சாவி சுவிட்ச்சின் ஸ்டார்ட்டர் முனையிலிருந்து சொலினாய்டின் சிறு முனைக்கு மெல்லிய வயர் போதும். தனிச் சொலினாய்டில் மூன்று முனை வகைக்கு அதன் உடலே எர்த் என்பதால், பிளாஸ்டிக்கிலோ மரப்பலகையிலோ திருகினால் சத்தமே வராது. நான்கு முனை வகையில் இரண்டாம் சிறு முனையை நீங்களே எர்த்துக்குக் கொண்டு போக வேண்டும்.

கேபிளில் சிக்கனம் பிடிக்காதீர்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 100 ஆம்பியர் போனால் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறக்குறைய முக்கால் வோல்ட் வீணாகும். போகும் வழியும் திரும்பும் வழியும் சேர்ந்து இரண்டு மீட்டர் என்றால் ஒன்றரை வோல்ட் போய்விடும். வயரும் சூடாகும். 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளில் அதே தூரத்திற்குக் கால் வோல்ட்தான் குறையும். கேபிள் முனைகளில், போல்ட்டில் மாட்டுவதற்கான உலோக வளையமான லக்கை அதற்குரிய கருவியால் அழுத்திப் பொருத்துங்கள். குறட்டால் நசுக்கியது சில வாரங்களில் தளரும். பேட்டரியின் எதிர் முனைக் கேபிள் சட்டத்தில் முடியாமல் நேராக இன்ஜின் உடலில் முடிய வேண்டும், ஏனென்றால் இன்ஜின் பெரும்பாலும் ரப்பர் மேல்தான் நிற்கிறது.

சாவி சுவிட்ச்சுக்குப் போகும் வயரிலும் சார்ஜிங் வயரிலும் பேட்டரிக்கு அருகிலேயே பியூஸ் போடுங்கள். சார்ஜிங் காயில் தருவது மாறுதிசை மின்சாரம் என்பதால் ரெக்டிஃபையர் இல்லாமல் பேட்டரியில் இணைக்கக் கூடாது. 10 ஆம்பியர் போன்ற பெரிய காயிலுக்கு, வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டரும் சேர்ந்தது வேண்டும். மூடிய வகை பேட்டரியை வாங்கி, இன்ஜின் மேல் வைக்காமல் சட்டத்தில், புகைக்குழலின் சூடு எட்டாத இடத்தில், அடியில் ரப்பர் இட்டுக் கட்டுங்கள். இணைக்கும்போது நேர் முனை முதலில்; கழற்றும்போது எதிர் முனை முதலில்.

8. முதல் செல்ஃப்

காற்றோட்டமான வெளியில் வைத்தே சோதியுங்கள். மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். முதலில் பிளக்கைக் கழற்றி, அதைத் தொப்பியோடு சேர்த்து, பிளக் துளையிலிருந்து தள்ளி இன்ஜின் உடலில் எர்த்தாகும்படி வைத்துவிட்டு, சாவியை இரண்டு நொடி திருப்புங்கள். மோட்டார் மட்டும் கிறீச்சிட்டுச் சுழன்று ஃப்ளைவீல் நின்றால் பற்கள் சேரவில்லை என்று பொருள். மோட்டார் சாய்ந்து பொருந்தியிருக்கிறதா, திசை சரியா என்று பாருங்கள். ‘டக்’ என்ற ஒற்றை ஓசையோடு நின்றால் பேட்டரியையும் எர்த்தையும் பாருங்கள். சுழலும்போது பேட்டரி முனைகளில் அளந்தால் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது.

பிறகு பிளக்கை மாட்டி, பெட்ரோலைத் திறந்து, சோக்கை வைத்துத் திருப்புங்கள். 5 நொடிக்குள் கிளம்பவில்லையென்றால் விட்டுவிட்டு, குறைந்தது 10 நொடி கழித்து மறுபடி முயலுங்கள். தொடர்ந்து சுழற்றினால் இந்தச் சிறு மோட்டார்கள் எரிந்துவிடும். கிளம்பிய கணமே சாவியை விடுங்கள். ஓடும் இன்ஜினில் தவறியும் ‘ஸ்டார்ட்’ பக்கம் திருப்பினால் பல்வளையத்தின் பற்கள் போய்விடும். கடைசியாக ‘ஆஃப்’ செய்து இன்ஜின் உடனே நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லையென்றால் நிறுத்து வயர் எங்கோ விட்டிருக்கிறது. அதைச் சரி செய்யாமல் இயந்திரத்தை வேலைக்கு எடுக்காதீர்கள்.

ரெகுலேட்டரோடு சார்ஜிங் போட்டவர்கள் வேக நிலையில் ஓடவிட்டு பேட்டரியில் அளந்தால் 13.5 முதல் 14.5 வோல்ட்டுக்குள் வர வேண்டும். முதல் சில மணி நேர ஓட்டத்திற்குப் பின் மோட்டாரின் போல்ட்டுகளையும் கேபிள் முனைகளையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். என் இன்ஜினில் எர்த் போல்ட் அதற்குள் அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது. எந்த நிற வயர் எங்கே போகிறது என்பதைத் தாளில் வரைந்து, வாங்கிய பாகங்களின் எண்களோடு பேட்டரிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டி வைத்திருக்கிறேன்.